பெரிய தீ எரிந்த மத்தியானம்

அந்தப் புகையை முதலில் பார்த்தது அக்காதான்.

மூட்டு தேய்ந்துபோய் அக்கா படி இறங்குவதை விட்டு வெகுநாளாகியிருந்தது. சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், இரண்டாவது மாடியில், ஓர் அறையும் சமையலறையுமாக நாங்கள் இருவரும் வாடகைக்கு இருந்தோம். இருவருக்கும் புருஷன் போய்விட்டான். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. எனக்கு இருந்த ஒரு மகள் வடக்கே எங்கோ வாழ்க்கைப்பட்டு, தீபாவளிக்குப் போன் செய்வாள். நான் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவி, காய் நறுக்கி, ஓய்ந்து போனவள். அக்கா தையல் தைத்து ஓய்ந்தவள். அப்படி ஓய்ந்துபோன இரண்டு பேர் சேர்ந்து குடித்தனம் நடத்தினோம்.

அக்காவின் நாற்காலி ஜன்னலோரம் கிடக்கும். காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்கும் பாத்ரூமுக்கும்தான் எழுந்திருப்பாள். அங்கிருந்தே தெருவை ஆண்டுகொண்டிருந்தாள் என்று சொன்னால் தப்பில்லை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே வெளியாட்களிடம் வாய் வராது. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியதற்குக்கூட அதுதான் காரணம். ஆறாவதுக்கு ரயில் பாதையைத் தாண்டிப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். அங்கே வாத்தியார் பேர் கேட்டபோது சொல்ல வாய் வரவில்லை, திரும்பி வந்துவிட்டேன். ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் அக்காதான் பேசுவாள். படி இறங்க முடியாமல் போன பிறகும் அவள் பேச்சு நிற்கவில்லை. கீழே காய்கறி வண்டி வந்தால் நான் கூடையோடு பக்கத்தில் நிற்பேன். பேரம் மாடி ஜன்னலிலிருந்து நடக்கும். ஒருநாள் வண்டிக்காரர் தலையைத் தூக்கி, "இன்னா அக்கா, உன் தங்கச்சி ஊமையா?" என்று கேட்டார்.

"ஊமை இல்லப்பா. உன்கிட்ட பேசறதுக்கு ஒண்ணுமில்லன்னு இருக்கா. நீ கத்திரிக்காய சொத்தை இல்லாம போடு" என்றாள் அக்கா. தெருவே சிரித்தது. நானும் கூடைக்குள் பார்த்துக்கொண்டு சிரித்தேன்.

கீழ்வீட்டில் ஒரு தம்பி, பெண்டாட்டி, கைக்குழந்தை. வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை அந்தத் தம்பிக்கு. பேட்டரி வண்டி வைத்திருந்தார். மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் படுப்பார். அந்த நேரத்தில் வண்டி மாடிப்படிக்கு அடியில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். வெளிப்பக்கம் பிளக் பாயிண்ட் இருந்த இடம் அது ஒன்றுதான், மீட்டர் போர்டுக்குப் பக்கத்தில். எங்கள் படிக்கட்டு வீட்டுக்கு உள்ளேயே சுற்றிக்கொண்டு மேலே ஏறும். தெருப்பக்கச் சுவரில் காற்றுக்காக சிமெண்ட் ஜாலி மட்டும் விட்டிருந்தார்கள். ஏறுகிற வழியும் அதுதான், இறங்குகிற வழியும் அதுதான்.

அக்காவுக்கும் அந்தத் தம்பிக்கும் எப்போதும் வம்பு. "பிள்ளை அழுவுது, அதைத் தூக்காம வண்டிக்கு மட்டும் நேரா நேரத்துக்குப் பால் குடுக்கற" என்று மேலிருந்து கத்துவாள். அவர் லுங்கியோடு வெளியே வந்து அண்ணாந்து பார்த்து, "பெரிம்மா, அது குடிச்சாத்தான் பெரிம்மா வூட்ல எல்லாரும் குடிக்க முடியும்" என்பார். அக்காவுக்கு அந்தப் பதில் பிடிக்கும். திரும்பத் திரும்ப அதே கேள்வியைக் கேட்டு அதே பதிலை வாங்குவாள்.

அன்றைக்கும் சாப்பிட்டு முடித்த நேரம். நான் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"ஏய், இங்க வாடி. வானத்துல யாரோ தார ஊத்தி வெச்சிருக்காங்க பாரு."

போய்ப் பார்த்தேன். மேற்கே, தாம்பரத்துக்கும் அந்தப் பக்கம், கட்டடங்களுக்கு மேலே கறுப்பாக எழும்பி, மேலே போய்ப் படுத்துக்கொண்டு, எங்கள் பக்கமாக வந்துகொண்டிருந்தது. குப்பை எரிகிற புகை இப்படி இருக்காது. இது மினுமினுப்பாக, கனமாக இருந்தது. பெயிண்ட் கடைக்குள் நுழைந்தால் வருகிற நெடி கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே கொடியில் கிடந்த என் வெள்ளைப் பாவாடையில் கரித்துகள் விழுந்திருந்தது.

அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. என்ன எரிகிறது, எங்கே எரிகிறது என்று தெரிந்தாக வேண்டும். அன்றைக்குத் தண்ணீர் லாரி வருகிற முறையும் கூட. குடத்தை எடுத்துக்கொண்டு கீழே போய், லாரி வரும்வரை நின்று, நாலு பேர் பேசுவதைக் கேட்டுவிட்டு வா என்று என்னை அனுப்பினாள். கேட்க வேண்டாம், காதை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு நின்றால் போதும் என்றாள். படியில் இறங்கும்போது அந்தத் தம்பியின் வண்டி சார்ஜில் நின்றது. அதன் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. தினமும் பார்க்கிற விளக்குதான்.

தெருவில் குடங்கள் வரிசையாக இருந்தன. எதிர்வீட்டு டீச்சரும் நின்றார். அவர் சர்ச் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். தெருவுக்கு ஏதாவது போன் பண்ண வேண்டும் என்றால் அவர்தான். கரண்ட் ஆபீஸ், கார்ப்பரேஷன், லாரிக்காரர் எல்லார் நம்பரும் அவரிடம் உண்டு. லாரிக்காரருக்கு அவர் போன் போட்டதில் விஷயம் தெரிந்தது. திருமுடிவாக்கம் பக்கம் ஒரு குடோனில் தீ. பெயிண்டும் தின்னரும் அடுக்கி வைத்திருந்த இடம். தீயணைப்பு வண்டிகளுக்குத் தண்ணீர் போதாமல், போகிற வருகிற தண்ணீர் லாரிகளையெல்லாம் அங்கே திருப்பிவிட்டிருக்கிறார்கள். எங்கள் லாரியும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தது.

"பார்த்தியா, நெருப்புக்குக்கூட லாரித் தண்ணி உடனே கிடைக்குது. மனுஷன் கேட்டாத்தான் நாளைக்கு வா, நாளன்னிக்கு வா" என்றார் வரிசையில் நின்ற ஓர் அம்மா.

"நீயும் பத்திக்கிட்டு எரி, உனக்கும் வரும்" என்று இன்னொருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

தெருமுனையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர் கையில் போனோடு வந்து படம் காட்டினார். நான் தூரத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். சிவப்பு வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. தண்ணீர் வளைந்து போய் நெருப்பில் விழுந்தது, விழுந்தும் நெருப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. நம்ம ஸ்டேஷன் வண்டிதான் முதலில் போனது, அது பத்தாமல் கிண்டி, அது பத்தாமல் பூந்தமல்லி, இப்போது சிட்டிக்குள்ளிருந்தெல்லாம் வந்துகொண்டிருக்கிறது என்று அவர் சொன்னார். "நம்ம ஸ்டேஷன்ல இப்போ ஒரு வண்டி கிடையாது தெரியுமா? சுத்துவட்டாரம் பூரா காலி. அவ்ளோ பெரிய தீ" என்றார். சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. நம் பக்கத்தில் இவ்வளவு பெரிசாக ஒன்று நடக்கிறதே என்கிற பெருமை. கேட்ட எனக்கும் அது இருந்தது. அக்காவிடம் போய்ச் சொல்ல விஷயம் கிடைத்துவிட்டது என்று மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

லாரி வராது என்று ஆன பிறகும் யாரும் கலையவில்லை. காலிக் குடத்தின் மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நெடி அதிகமாகிக்கொண்டே வந்தது. எனக்குக் கண் எரிந்தது. எங்கள் வீட்டுச் சிமெண்ட் ஜாலி வழியாகச் சாம்பல் நிறத்தில் புகை நெளிந்து வெளியே வந்ததை அப்போது நான் பார்த்தேன். நான் மட்டும் இல்லை, எல்லாரும்தான் பார்த்தார்கள். குடோன் புகைதான் காற்றோடு வந்து வீட்டுக்குள் புகுந்து சுற்றுகிறது என்று நினைத்தோம். ஊர் முழுக்க ஒரே நாற்றமாக இருக்கும்போது எந்தப் புகை எங்கிருந்து வருகிறது என்று யாருக்குத் தெரியும்?

டீச்சருக்குத்தான் மனசு கேட்கவில்லை. தெருவில் கைக்குழந்தைகள் இருக்கின்றன, இளைப்புக்காரர்கள் இருக்கிறார்கள், இவ்வளவு புகை நல்லதில்லை என்று சொல்லிக்கொண்டே தீயணைப்புக்குப் போன் செய்தார். சேலையூரில் இந்தத் தெருவில் புகை தாங்க முடியவில்லை என்றார். அவர்களுக்கு அன்றைக்கு அதே மாதிரி எத்தனை போன் போயிருக்குமோ. பல்லாவரம், பம்மல், குரோம்பேட்டை, எங்கே யார் மாடியில் நின்று பார்த்தாலும் அந்தப் புகைதானே. தெரியும்மா, வண்டியெல்லாம் அங்கேதான் நிற்கிறது, அணைத்துக்கொண்டிருக்கிறார்கள், ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று பதில் வந்தது. அப்படிச் சொன்னவரைக் குறை சொல்ல முடியாது. கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான் அது.

டீச்சர் போனை வைத்துவிட்டு அதை எல்லாருக்கும் சொன்னார். பிறகு அண்ணாந்து எங்கள் ஜன்னலைப் பார்த்தார். அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஜன்னலைச் சாத்திக்கோங்க. புகை உள்ள வரும். ஃபயர் சர்வீஸ்லயே சொல்லிட்டாங்க."

"சாத்தினா வேகுமே டீச்சர்."

"கொஞ்ச நேரம்தான்க்கா. அப்புறம் திறந்துக்கலாம்."

"சரி. அவளை மேல அனுப்புங்க. வெயில்ல நிக்கறா பாருங்க, போன்னு சொன்னாத்தான் போவா."

அக்கா கண்ணாடிக் கதவை இழுத்தாள். அது சட்டத்தில் இறுகிப் பிடிக்கும். இரண்டு தடவை இழுத்துத்தான் சாத்தினாள். அதற்குப் பிறகு நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் குடத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவதற்குள் உள்ளே பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம், அதன் பின்னாலேயே இன்னொன்று. படிக்கு அடியிலிருந்து நெருப்பு வாசல் பக்கமாகச் சீறிக்கொண்டு வந்தது. கீழ்வீட்டுத் தம்பி தூக்கத்திலிருந்து எழுந்து தன் வாசல் வழியாகக் குழந்தையையும் பெண்டாட்டியையும் தெருவில் தள்ளிவிட்டு, வண்டியை வெளியே இழுக்கப் போனார். கைப்பிடியைப் பிடித்த கையோடு அலறிக்கொண்டு பின்னால் விழுந்தார். மீட்டர் போர்டு பற்றியது. தெரு முழுக்கக் கரண்ட் போனது. கரண்ட் போனதும் மோட்டார் போடவும் வழியில்லாமல் போனது. நாங்கள் இத்தனை பேர் நிற்கிறோம், இத்தனை குடம் இருக்கிறது, ஒரு குடத்தில்கூடத் தண்ணீர் இல்லை.

இரண்டு வீடு தள்ளி யாரோ வீடு கட்ட மணல் கொட்டி வைத்திருந்தார்கள். ஆண்கள் அதைச் சட்டியிலும் பக்கெட்டிலும் அள்ளி வந்து கொட்டினார்கள். நெருப்பு அடங்குகிற மாதிரி இருந்தது. அடங்க அடங்கப் புகை தடித்தது. வெள்ளையும் மஞ்சளுமாக, பாலைக் கொதிக்கவிட்ட மாதிரி பொங்கி, வெளியே வராமல் படியோடு சுற்றிக்கொண்டு மேலே ஏறியது. மணலுக்கு அடியிலிருந்து அது திரும்பவும் பற்றியது. திரும்பவும் மணல் போட்டார்கள்.

நான் படிக்குள் ஓடினேன். இரண்டு படிகூட ஏறியிருக்க மாட்டேன். மூச்சு இழுத்தால் உள்ளே போவது காற்று இல்லை. பின்னாலிருந்து என் புடவையைப் பிடித்து இழுத்தார்கள். வரிசையில் நின்று கேலி பேசிய அந்த அம்மாதான் என்னைத் தெருவில் உட்காரவைத்து அணைத்துப் பிடித்துக்கொண்டார். நான் கத்தினேன். அன்றைக்கு எனக்குக் குரல் வந்தது. அக்கா, அக்கா என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். ஜன்னல் சாத்தியே இருந்தது.

டீச்சர் இரண்டாவது தடவை போன் செய்துகொண்டிருந்தார். போன் ஒருமுறை நழுவிக் கீழே விழுந்தது.

"இது அந்தப் புகை இல்ல சார். இது வேற. இது எங்க தெரு. மேல ஆள் இருக்காங்க சார்."

அந்தப் பக்கத்தில் புரிந்துகொண்டார்கள். அனுப்புகிறோம் என்றார்கள். ஆனால் அனுப்புவதற்குப் பக்கத்தில் எதுவும் இல்லை. தூரத்து ஸ்டேஷன் வண்டி ஒன்று வந்துகொண்டிருக்கிறது, அதைத் திருப்பிவிடுகிறோம், மேடவாக்கம் வழியாக வர வேண்டும் என்றார்கள். மேடவாக்கம் என்றதும் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த ரோட்டு நெரிசலைத் தெரியாதவர் எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை.

ஏணி ஒன்று கொண்டுவந்து வைத்தார்கள். அது முதல் மாடிக்குத்தான் எட்டியது. அங்கே குடியிருந்த பிள்ளைகள் வேலைக்குப் போயிருந்தார்கள், பூட்டு தொங்கியது. கீழ்வீட்டுத் தம்பி எழுந்து வந்தார். வெந்த கையை மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் செங்கல் துண்டு எடுத்து எங்கள் ஜன்னலைப் பார்த்து எறிந்தார். பெரிம்மா, ஜன்னலைத் திற பெரிம்மா என்று எறிந்துகொண்டே இருந்தார். ஒரு கல் கம்பியில் பட்டுத் திரும்பி விழுந்தது. ஒன்று கண்ணாடியை உடைத்தது. உடைந்த ஓட்டை வழியாகப் புகை வெளியே வந்தது.

மேலிருந்து அப்படிப் புகை வெளியே வந்ததைப் பார்த்த பிறகு நான் கத்துவதை நிறுத்திவிட்டேன்.

வண்டி வந்தபோது தெருவில் தண்ணீருக்கு அவசியமே இல்லை. மணல்மேட்டின் மேல் கொஞ்சம் அடித்தார்கள். வண்டி நிறையத் தண்ணீர் இருந்தது. முகமூடி போட்டுக்கொண்டு இரண்டு பேர் மேலே ஏறினார்கள். அக்காவைப் போர்வையில் வைத்துக் கீழே கொண்டுவந்தார்கள். கதவுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தாளாம். கதவைத் திறந்து பார்த்திருக்கிறாள். நான் ஏன் இன்னும் வரவில்லை என்று பார்த்தாளோ, புகையைப் பார்த்துத்தான் திறந்தாளோ தெரியாது. உடம்பில் ஒரு கொப்புளம் இல்லை. மூக்கைச் சுற்றி மட்டும் மை தடவினது மாதிரி கறுப்பு. நான் முந்தானையால் அதைத் துடைத்தேன். தூங்குகிறாள் என்றுகூட யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்ச நேரம் நம்பியிருப்பேன்.

ஆஸ்பத்திரி, போலீஸ், திரும்ப ஆஸ்பத்திரி என்று அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எனக்கு ஒழுங்காக ஞாபகம் இல்லை. என்னைக் கேட்ட கேள்விக்கெல்லாம் டீச்சர் பதில் சொன்னார். சாயங்காலம் அவர் வீட்டுக் கூடத்தில் என்னைப் படுக்க வைத்திருந்தார்கள். யாரோ பழக்கத்தில் டிவியைப் போட்டுவிட்டார்கள். திருமுடிவாக்கம் தீயைத்தான் காட்டினார்கள். பெரிய அதிகாரி ஒருவர் முகமெல்லாம் கரியோடு மைக்குக்கு முன்னால் நின்றார். பக்கத்துக் கட்டடங்களுக்குப் பரவாமல் தடுத்துவிட்டோம், தொழிலாளர்கள் எல்லாரும் பத்திரமாக வெளியேற்றப்பட்டார்கள், உயிர்ச்சேதம் எதுவும் இல்லை என்றார். டீச்சர் ஓடிவந்து டிவியை நிறுத்தினார். நிறுத்தியிருக்க வேண்டியதில்லை. அந்த அதிகாரி சொன்னது உண்மைதான். அங்கே யாரும் சாகவில்லை.

மறுநாள் பேப்பரிலும் அப்படித்தான் இருந்தது. அந்தத் தீ முதல் பக்கத்தில், படத்தோடு. எங்களுடையது உள்ளே, பேட்டரி வண்டி வெடித்து மூதாட்டி பலி என்று நாலு வரி. இரண்டையும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஒன்றில் இன்னொன்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டு வேறு வேறு ஊரில் நடந்த மாதிரி இருந்தது.

காரியமெல்லாம் முடிந்து நான் மாடிக்கே திரும்பிவிட்டேன். போக வேறு இடம் இல்லை. மகள் வந்து, அழுது, கூப்பிட்டாள். அவள் வீட்டு ஆட்களிடம் நான் என்ன பேசுவேன்? வீட்டுக்காரர் படிக்கட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தார். கீழ்வீட்டுத் தம்பி கையில் கட்டோடு என் முன்னால் வந்து நிற்கப் பயந்து, பெண்டாட்டியை அனுப்பினார். அந்தப் பெண் வாசலில் நின்று அழுதது. உள்ளே வா என்றேன், வரவில்லை. அடுத்த மாசம் காலி பண்ணிக்கொண்டு போய்விட்டார்கள். காய்கறி வண்டிக்காரர் மட்டும் தெருவுக்குள் வந்தால் சத்தம் போடாமல் நின்று, என் கூடையில் அவராகவே எதையோ போட்டுக் கொடுப்பார். அண்ணாந்து பார்க்க மாட்டார்.

பிறகு ஒருநாள் மத்தியானம் தீயணைப்பு நிலையத்திலிருந்து ஓர் ஆபீசர் வந்தார். ஐம்பது வயசிருக்கும். காக்கி உடுப்பில், ஷூவை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ரிப்போர்ட்டுக்காக விசாரணை எல்லாம் ஏற்கெனவே முடிந்துவிட்டது, இது நானாக வந்தது என்றார். அக்காவின் நாற்காலியில் உட்காரப் போனவர் என்ன நினைத்தாரோ, தரையில் உட்கார்ந்துகொண்டார்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். எந்தத் தீயாக இருந்தாலும் முதலில் போவது ஒரு வண்டிதானாம். அதில் போய் இறங்குகிற ஆபீசர் பார்த்துச் சொல்வதுதான் கணக்காம். இது போதும் என்று அவர் சொன்னால் அவ்வளவுதான். போதாது என்றால் பக்கத்து ஸ்டேஷன்களைக் கேட்பார். அதுவும் போதாது என்றால் பெருந்தீ என்று வாக்கி டாக்கியில் சொல்லிவிட வேண்டும். அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் சிட்டி முழுக்கக் கிளம்பும், நுரை வண்டி, தண்ணீர் லாரி, லீவில் வீட்டில் இருப்பவர்கள் உட்பட. தயங்கித் தயங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டால் ஒவ்வொரு தடவையும் தீ ஒரு படி முன்னால் போய்விடும், அதனால் முதலிலேயே பெரிசாகக் கேட்டுவிடு என்றுதான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்களாம். இப்படிக் காலியாகிற ஸ்டேஷனில் நிறுத்துவதற்காக, தூரத்திலிருந்து வேறு வண்டியை நகர்த்திக் கொண்டுவருவார்களாம். எங்கள் ஸ்டேஷனுக்கு என்று அப்படி நகர்ந்து வந்த வண்டிதான் மேடவாக்கம் நெரிசலில் நின்றதாம்.

எனக்கு எல்லாம் புரிந்தது. ஒரு வீட்டில் கல்யாணச் சமையல் என்றால் தெருவில் இருக்கிற பாத்திரமெல்லாம் அங்கே போய்விடும். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச ஒரு சட்டி இருக்காது. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை.

"அன்னிக்கு அங்க முதல்ல இறங்கினது நான்தாம்மா" என்றார். "எல்லா வண்டியையும் கேட்டது நான்."

குடோனை ஒட்டிச் சிலிண்டர் அடுக்கியிருந்த இடமாம். அதன் பின்னால் தகர ஷெட்டில் வடக்கத்திப் பிள்ளைகள், ராத்திரி ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்களாம். அதைப் பார்த்த உடனே கேட்டுவிட்டேன் என்றார். அந்தப் பிள்ளைகளை வெளியே கொண்டுவந்ததைச் சொல்லும்போது அவர் குரல் மாறவே இல்லை. ஒரு சந்தோஷமும் இல்லை அதில். டம்ளரில் தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

என் ஜன்மத்தில் ஒரு ஆபீசரை நான் கேள்வி கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன். தலையைத் தூக்காமல்தான் கேட்டேன்.

"நாளைக்கே அங்க ஒரு தீ, இங்க ஒரு தீன்னு வந்தா என்ன சார் பண்ணுவீங்க?"

அவர் டம்ளரைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்லி என்னைச் சமாதானப்படுத்தப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அப்படி எதையாவது சொல்லியிருந்தால் எனக்கு அவர்மேல் கோபமாவது வந்திருக்கும்.

"அப்பவும் எல்லா வண்டியையும்தாம்மா கேப்பேன்" என்றார். "கேக்காம இருக்க முடியாது."

நான் திட்டுவேன் என்று அவர் காத்திருந்த மாதிரி இருந்தது. அதற்காகத்தான் படி ஏறி வந்தாரோ என்னவோ. அந்தத் தகர ஷெட்டில் தூங்கிய பிள்ளைகளுக்கும் எங்கோ ஒரு தாய் இருப்பாள். அவளிடம் போய் நான் என்ன சொல்வேன்? என் அக்காவுக்கு ஒரு வண்டியை விட்டு வைத்திருக்கலாமே என்றா? ஆமாம், அப்படித்தான் சொல்லத் தோன்றியது. சொல்ல முடியாதது என்றும் தெரிந்தது. அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு, டம்ளரைச் சுவரோரம் வைத்து, கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவர் போனதைப் பார்த்து டீச்சர் வந்தார். அன்றைக்குப் பிறகு டீச்சர் எனக்குத் தினமும் ஏதாவது கொண்டுவந்து கொடுப்பார். ஆனால் அறைக்குள் வந்தால் ஜன்னல் பக்கம் திரும்ப மாட்டார். இப்போது தெருவில் எதற்கும் அவர் போன் செய்வதில்லை. வேறு யாராவது பண்ணட்டும் என்று சொல்லிவிடுகிறார். அன்றைக்கு மேலே வரவில்லை, பாதிப் படியில் நின்று, "என்ன சொன்னார்?" என்றார்.

நான் படி இறங்கி அவர் பக்கம் வந்தேன்.

"யார் மேல தப்புன்னு சொன்னார்?"

"யார் மேலயும் இல்லையாம் டீச்சர்" என்றேன்.

அவருக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். டீச்சர் சுண்ணாம்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்தார். நானும் இரண்டு படி மேலே உட்கார்ந்தேன். யார் மேலாவது தப்பு என்றால் அந்த ஆள் வீட்டு வாசலில் போய் மண்ணை வாரித் தூற்றலாம். மன்னிக்கவாவது செய்யலாம். இரண்டுக்கும் ஆள் இல்லாமல் நாங்கள் இரண்டு பேரும், போகிறவர் வருகிறவர் யாரும் இல்லாத அந்தப் படிக்கட்டில், வெயில் இறங்கும்வரை உட்கார்ந்திருந்தோம்.